துண்டுக்காடும் வௌவாலும்: வாசகர் கேள்விகள்

கே: காடு துண்டானால் வௌவாலுக்கு என்ன? பறந்து போய்விடுமே?

ப: எல்லா வௌவாலும் ஒன்றுபோலப் பறப்பதில்லை. மரங்களுக்கு மேலே வேகமாகப் பறந்து பூச்சி பிடிப்பவற்றுக்கு இடைவெளி பெரிய தடையில்லை. இலைமேல் இருக்கும் பூச்சியையும் தவளையையும் கவ்வும் இனங்களுக்குச் சிறகு குட்டை, அகலம். அடர்காட்டுக்குள் வளைந்து திரும்ப அது வசதி. வெட்டவெளியைத் தாண்ட அல்ல. பெரும்பாலும் முதலில் காணாமல் போவது இவைதான்.

கே: துண்டுக்காட்டில் மூன்று இரவு வலை கட்டியதில் 9 இனம். பெரிய காட்டிலும் 9. துண்டானதால் பாதிப்பில்லை என்று எழுதலாமா?

ப: எழுதாதீர்கள். எத்தனை வலை, எத்தனை மணி நேரம், நிலவு எப்படி? ஒன்றையும் சொல்லவில்லை. நிலா நன்றாகக் காயும் இரவில் பல இனங்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு காட்டுக்குப் பௌர்ணமி, இன்னொன்றுக்கு அமாவாசை என்றால் ஒப்பீடே கிடையாது.

அப்புறம், தரையோரம் கட்டிய வலை காட்டின் ஒரு பகுதியைத்தான் காட்டும். உயரப் பறப்பவை அதில் விழுவது அரிது. அவற்றுக்கு, வௌவாலின் மீயொலிக் குரலைப் பதியும் டிடெக்டர் வேண்டும். ஆசியக் காடுகளின் குதிரைலாட வௌவால்கள் வலையைக் கண்டுகொண்டு விலகிவிடும். அவற்றுக்கு ஹார்ப் பொறி, அதாவது யாழ் நரம்புபோல் மெல்லிய இழைகளை நெடுக்காகக் கட்டிய சட்டம்.

எனக்குக் கோபம் வருவது எண்ணிக்கையோடு நிறுத்திவிடுவதில்தான். அந்த ஒன்பதும் இந்த ஒன்பதும் ஒரே ஒன்பதா? அமெரிக்க வெப்பமண்டலத்தில் காட்டோரம் செக்ரோப்பியா மரங்களும் மிளகுக் குடும்பச் செடிகளும் மண்டும்போது கரோலியா போன்ற சிறு பழந்தின்னிகள் பெருகும். உள்காட்டு இனங்கள் அதே நேரத்தில் ஒவ்வொன்றாக உதிரும். பட்டியலின் நீளம் மாறாமலே உள்ளே இருப்பவை மாறிவிடும். என் பார்வைக்கு வரும் கட்டுரைகளில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. இனப்பெயர்களையும், ஒவ்வொன்றிலும் எத்தனை பிடிபட்டது என்பதையும் அனுப்புங்கள். பிறகு பேசலாம்.

கே: குறைந்தது எத்தனை ஹெக்டேர் வேண்டும்?

ப: ஒரே எண் கிடையாது. சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பனாமா கால்வாய்க்காகக் கட்டூன் ஏரியை நிரப்பியபோது குன்றுகள் தீவுகளாயின. சுமார் 1,500 ஹெக்டேர் உள்ள பரோ கொலராடோ தீவில் 70-க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள். சிறு தீவுகளில் வெகு குறைவு. பிரேசிலில் மனாவுஸ் அருகே 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளைச் சுற்றிய மேய்ச்சல் நிலம் கைவிடப்பட்டு மறுகாடு எழுந்ததும், முதுகாட்டு இனங்கள் மீண்டும் தென்படத் தொடங்கின.

கே: துண்டுக்காட்டில் பட்ட மரங்களை அகற்றலாமா?

ப: கூடாது. பொந்து போனால் தங்குமிடம் போயிற்று. மரத்தில் தொங்கும் கறையான் கூட்டைக் குடைந்து தங்கும் இனம்கூட உண்டு, அதையும் தட்டிவிடாதீர்கள்.

கே: வலையில் விழுந்த வௌவாலைக் கையாளக் கையுறை அவசியமா?

ப: அவசியம். ரேபிஸ் முன்தடுப்பூசியும் அவசியம். வலையைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான இனங்கள் ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான் போடும். சினையோடு ஒன்று வலையில் செத்தால் அந்தச் சின்னக் காட்டுக்கு அது பெரிய இழப்பு. சரி, நிலவையும் குறித்துக்கொள்ளுங்கள்.