மயக்கத்தில் இருந்தவருக்கு அந்த ராத்திரியைச் சொல்லுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு மகள் பிறந்து 24 நாள் ஆகிறது. 32ஆவது வாரத்தில், ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு மனைவிக்குத் திடீரென்று உதிரப்போக்கு. 108இல் கூட்டிப் போனோம். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். முழு மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். குழந்தை 1.6 கிலோ, நேராக ஐசியு. மனைவி அவளை மூன்றாம் நாள்தான் பார்த்தாள், அதுவும் சக்கர நாற்காலியில் போய். முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு பேரும் நலம்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்புக்குத் தேதி குறித்திருந்தோம். அது போய்விட்டதால் பெயர் சூட்டு விழாவை மண்டபம் பிடித்துப் பெரிதாகச் செய்யலாம் என்கிறார் அம்மா. மனைவியோ, "பெத்த ஞாபகமே எனக்கு இல்ல, எனக்கெதுக்கு விழா?" என்கிறாள். பாலாடையில் ஊட்டுகிறாள், துணி மாற்றுகிறாள், எல்லாம் கடமைக்குச் செய்வதுபோல. அன்று காலையில் குடம் தூக்கியதால்தான் இப்படி ஆனது என்று புலம்புகிறாள். பெரியம்மா வேறு "எட்டாம் மாசப் பிள்ளை" என்று இழுக்கிறார். வந்த பிள்ளையைச் சந்தோஷமாக வரவேற்க முடியவில்லையே என்றிருக்கிறது. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

மகளுக்கு என் வாழ்த்து. பெரியம்மா சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்பது நம் ஊரில் மட்டும் உள்ள பேச்சு இல்லை. பழைய கிரேக்கத்தில் ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் நூல்களில் எட்டு மாதப் பிள்ளைக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. இரண்டு ஊரிலும் தப்புதான். வயிற்றில் ஒரு வாரம் கூடுதலாக இருந்தால் பிள்ளைக்கு அவ்வளவு நல்லது.

வேண்டுமானால் பெரியம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக், ஐந்து வாரத்துக்கு மேல் முந்தி, இதே மாதிரி அவசர ஆபரேஷனில் பிறந்தான். எடை சுமார் 2.1 கிலோ, உங்கள் மகளைவிட அரைக் கிலோ அதிகம். நுரையீரல் பக்குவப்படாமல் மூச்சுத் திணறி 39 மணி நேரத்தில் போய்விட்டான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று கொடுக்க மருந்து இல்லை. நுரையீரலுக்குள் செலுத்தும் சர்ஃபாக்டன்ட் மருந்து பலன் தந்ததை ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர் 1980இல்தான் வெளியிட்டார். பிழைப்பதும் பிழைக்காததும் மாசக் கணக்கு ராசியில் இல்லை, நுரையீரலில் இருந்தது.

சரி, உங்கள் மனைவி விஷயம். "பெத்த ஞாபகமே இல்ல" என்று அவர் சொன்னதைச் சலிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்ததைச் சொல்லியிருக்கிறார். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்திருப்பார், அழுகை கேட்கும், பிள்ளையை முகத்தருகே கொண்டுவந்து காட்டுவார்கள். இரத்தப்போக்கு அதிகமாகி, நேரமும் இல்லாதபோது முழு மயக்கம்தான் கொடுப்பார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது வயிற்றில் இருந்த பிள்ளை, கண் விழித்தபோது இல்லை. மூன்றாம் நாள் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டி "இதுதான் உன் பொண்ணு" என்றார்கள். நடுவில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், உங்கள் அம்மாவுக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

அதை அவரிடம் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். "ரெண்டு உயிரும் நல்லா இருக்கே, அப்புறம் என்ன" என்ற ஒரு வாக்கியம் நம் வீடுகளில் உண்டு. ஆறுதலாகத்தான் சொல்கிறோம். அதற்குமேல் அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்க முடியாது.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள், ஒரே மூச்சில் இல்லாமல் அவர் கேட்கக் கேட்க. கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் என்ன எழுதியிருந்தது, நீங்கள் அதைப் படித்தீர்களா. பிள்ளை பிறந்ததும் அழுதாளா, இல்லை உங்களுக்குக் கேட்கவில்லையா. எந்த நிறத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். நீங்கள் தொட்டீர்களா. போனில் அன்று எடுத்த படம் இருந்தால், குழாயும் ஒயருமாக இருந்தாலும் பரவாயில்லை, அழிக்காமல் காட்டுங்கள். "ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பயந்திருந்தால் பயந்தேன் என்றே சொல்லுங்கள். இத்தனை நாளும் அவர் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்.

குடத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், எடுபடாது. ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் அவரையே கூட்டிப் போய்க் கேட்க வையுங்கள். நஞ்சுக்கொடி முன்கூட்டிப் பிரிவதற்கு இரத்த அழுத்தம், வயிற்றில் பலமான அடி என்று சில காரணங்கள் உண்டு. பல பேருக்குக் காரணமே கிடைப்பதில்லை. இதை மருத்துவர் வாயால் அவர் கேட்க வேண்டும். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்தைத் தாண்டிப் போனாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே தாண்டிவிட்டது என்றுதான் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

கடமைக்குச் செய்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாலாடையில் ஊட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பாலாடையின் மூக்கு நுனியைப் பிள்ளையின் உதட்டில் வைத்து, நாலு சொட்டு விட்டு, விழுங்குகிறதா என்று பார்த்து, மறுபடி நாலு சொட்டு. வேகம் கூடினால் புரையேறும். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் 34 வாரம் வாக்கில்தான் சேர்ந்து வரத் தொடங்கும். கையில் அந்த வேலை இருக்கும்போது முகத்தில் சிரிப்பு வராது. ஒரு வேளை நீங்கள் ஊட்டுங்கள், தெரியும்.

அதோடு, கங்காரு முறையை வீட்டிலும் தொடருங்கள். சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொள்வது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் ரெய் என்ற மருத்துவர் 1978இல் தொடங்கியது. 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் (அது நடந்த ஐந்து மருத்துவமனைகளில் டெல்லி சஃப்தர்ஜங்கும் ஒன்று), பிறந்த உடனே இப்படி அணைத்துவைத்த எடை குறைந்த பிள்ளைகளிடம் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அப்பா நெஞ்சும் ஆகும். தையல் வலியோடு இருக்கும் உங்கள் மனைவி இரண்டு மணி நேரம் தூங்கலாம்.

மண்டபம் இப்போது வேண்டவே வேண்டாம். நானூறு பேர் கை மாறித் தூக்க வேண்டிய பிள்ளை இல்லை இது. ஒரு கூட்டத்தில் வரும் சளி போதும். பெயரை வீட்டில் நாலு பேர் வைத்துச் சொல்லுங்கள். விழா பிறகு, மனைவி சொல்லும் மாதத்தில். அம்மாவிடம் "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்று சொல்லிவிடுங்கள், கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்லுவார்.

இன்னொன்று, விழாவைவிட அவசரம். 34 வாரத்துக்கு முன்னோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைகளுக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். பார்வை போகிற சிக்கலை அப்போது பிடித்தால் சரிசெய்யலாம், தாமதித்தால் சிரமம். உங்களுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. பார்த்தாச்சா என்று நீங்கள் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி இல்லையென்றால் நாளைக் காலையிலேயே போன் செய்து கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா