பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நம்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

கம்ப்யூட்டரின் உள்ளே இருந்து மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளைச் சேகரித்துப் பழுது நீக்குவது குறித்து வடசென்னை வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, நான் பாலிடெக்னிக் மாணவன். காயலான் கடைகளிலும் மூர் மார்க்கெட் பக்கத்திலும் கிடைக்கும் பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளை வாங்கிச் சேர்த்து வருகிறேன். மதர்போர்டு கனெக்டரில் உள்ள பச்சை வயரையும் (பெட்டியை ஓடவைக்கும் வயர்) கறுப்பு வயரையும் இணைத்ததும் விசிறி சுற்றினால் அந்தப் பெட்டி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைக் கழிப்பது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: விசிறி சுற்றுவதைக் கொண்டு மட்டும் ஒரு பெட்டியை நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. அந்த விசிறி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. அதைச் சுற்றவைக்கும் பெட்டி மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஓடாத பெட்டியை ஓடவைப்பது இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலைதான்; ஓடும் பெட்டியை நம்பத்தக்கதாக ஆக்குவதும், அவ்வாறு ஆக்க முடியாததைத் தயங்காமல் கழித்துவிடுவதும் மீதிப் பாதி.

திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் இந்தப் பெட்டிக்குள் நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது, ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) உள்ள புதிய வகைப் பெட்டிகளில் அது 380 முதல் 400 வோல்ட் வரை செல்லும். பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கும் இந்த மின்னழுத்தம், ஒழுங்காக ஓடும் பெட்டியில் பிளக்கைப் பிடுங்கிய சிறிது நேரத்தில் தானாக வடிந்துவிடும். பழுதாகி நின்றுபோன பெட்டியிலோ அதைச் செலவழிக்கச் சுற்று எதுவும் இயங்காததால், வடிப்பதற்கென வைத்த ரெசிஸ்டரும் அறுந்திருந்தால், வெகுநேரம் அப்படியே நிற்கும். ஆகவே "இது செத்த பெட்டிதானே" என்று கையை விடுவதுதான் இருப்பவற்றிலேயே பெரிய ஆபத்து. மல்டிமீட்டரை 600 அல்லது 1000 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, பெரிய கெப்பாசிட்டர்களின் முனைகளில் அளந்து பாருங்கள். மின்னழுத்தம் மிச்சம் இருந்தால், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றின் இரு முனைகளிலும் நன்கு உறையிட்ட வயர்களைப் பொருத்தி, அதன் வழியாக வடித்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் பல கடைகளில் இருந்தாலும், தீப்பொறி தெறித்துக் கெப்பாசிட்டரும் கண்ணும் கெடக்கூடிய அந்த வழியை நீங்கள் கைக்கொள்ள வேண்டாம்.

எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பாதி விடை லேபிளிலேயே கிடைத்துவிடும். "450 வாட்" என்று பெரிதாக அச்சிட்டுவிட்டு, 12 வோல்ட்டுக்கு எதிரே 14 ஆம்பியர் என்று சிறிதாகப் போட்டிருந்தால், அந்த வழியில் கிடைப்பது 168 வாட் மட்டுமே. இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பகுதி மின்சாரத்தை 12 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதால், பெரிய எழுத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு இந்தச் சிறிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அடுத்து, மின்சாரம் உள்ளே நுழையும் மூலையைப் பாருங்கள். நல்ல பெட்டியில் அங்கே செம்புக்கம்பி சுற்றிய காயில்களும் மின்னிரைச்சலை வடிகட்டும் சதுரமான எக்ஸ் கெப்பாசிட்டர்களும் இருக்கும். மலிவான பெட்டியில் போர்டில் அவற்றுக்கான இடம் அச்சிடப்பட்டிருந்தும், காயிலுக்குப் பதிலாக வெறும் கம்பித்துண்டு இரண்டை ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட பெட்டிக்காக உங்கள் நேரத்தையும் புதிய கெப்பாசிட்டர்களையும் வீணாக்க வேண்டாம்; வயருக்காகவும் விசிறிக்காகவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேறிய பெட்டிகளில் வெளியீட்டுப் பக்கக் கெப்பாசிட்டர்களைக் கவனிக்க வேண்டும். 2000-களின் முற்பகுதியில் தரமற்ற எலெக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் பரவின. அக்காலப் பெட்டிகளில் அவற்றின் தலை உப்பியிருப்பதை இன்றும் காணலாம். ஆனால் அடியில் பழுப்பு நிறத்தில் எதையேனும் கண்டவுடன் கசிவு என்று முடிவு செய்துவிடக் கூடாது. தொழிற்சாலையில் உதிரிகள் ஆடாமல் இருப்பதற்காக இட்ட வெளிர்மஞ்சள் பசையாகவும் அது இருக்கலாம். அதற்காக நிம்மதி அடையவும் முடியாது: அந்தப் பசை ஆண்டுக்கணக்கில் சூடேறிக் கருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவதுடன் பக்கத்திலுள்ள கம்பிகளையும் அரிக்கும். எனவே கருத்த பசையை மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேயாகவும், வோல்ட் அளவு அதே அல்லது கூடுதலாகவும், 105 டிகிரி எனக் குறிக்கப்பட்ட லோ ஈ.எஸ்.ஆர். (உள்மின்தடை குறைந்த) வகையாகவும் இருக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இத்தகைய கெப்பாசிட்டரின் ஆயுள் சுமார் இரு மடங்காகும் என்பது இத்துறையின் பொது விதி. சென்னை வெயிலில் 85 டிகிரி வகையை வாங்கி மிச்சம் பிடிப்பதில் பொருள் இல்லை. ரிச்சி தெருவில் நிச்சிகான், ரூபிகான் என்ற கெப்பாசிட்டர் நிறுவனங்களின் பெயர்களில் போலிகளும் கலந்து வரக்கூடும் என்பதால், நம்பிக்கையான கடையில் பில்லுடன் வாங்குங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில், ஊதா வயரில் எப்போதும் 5 வோல்ட் தரும் ஸ்டாண்ட்பை பகுதியில், ஹீட் சிங்க் எனும் சூடு தணிக்கும் உலோகத் தகட்டின் ஓரத்தில் 10 அல்லது 47 மைக்ரோஃபாரட் அளவுள்ள சுண்டுவிரல் நுனியளவுக் கெப்பாசிட்டர் ஒன்று ஒளிந்திருக்கும். அது வெளியில் ஒரு மாற்றமும் தெரியாமல் உள்ளேயே வறண்டுபோனால், சில சுற்றமைப்புகளில் ஸ்டாண்ட்பை மின்னழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறி மதர்போர்டையே எரித்துவிடும். மிகக் குறைந்த விலையுள்ள உதிரி என்பதால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதை மாற்றிவிடுவதுதான் என் பரிந்துரை.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்கு மிக அருகில் உள்ளது. பெட்டிகளைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்து, தூசி ஈரப்பிசுக்குடன் ஒட்டியிருக்கிறது. விசிறிகளும் இரைகின்றன. தேங்காய் எண்ணெய் விட்டால் சில நாள் மட்டும் சத்தம் அடங்குகிறது.
– வாசகர், காசிமேடு

பதில்: விசிறி உள்ளிழுக்கும் கடற்காற்றில் உப்பும் சேர்ந்து வருகிறது. தூசியோடு படிந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மின்சாரம் கசியும் படலமாகிவிடுகிறது. பிரஷ்ஷால் தட்டினால் தூசி போகுமே தவிர உப்பு போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுப் போர்டின் இரு பக்கமும் தேய்த்து, நன்றாகக் காயவிட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். பச்சை பூத்த ஈய முனைகளைச் சுத்தம் செய்து, புதிதாக ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி மீண்டும் ஈயம் வையுங்கள். சேகரித்த பெட்டிகளைத் திறந்த அலமாரியில் வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வைப்பது காசிமேட்டுக்குப் பொருந்தும்.

தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி விசிறியின் தண்டை இறுக்கும். நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து, பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அதன் பிறகும் தண்டு ஆடினால் விசிறியையே மாற்ற வேண்டும். 12 வோல்ட், 80 மில்லிமீட்டர் விசிறி எளிதில் கிடைக்கும்.

கேள்வி: நான் பழுது நீக்கிய பெட்டியைப் பொருத்திய பின் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. எங்களுடையது பழைய வீடு. யாரோ இரண்டு சிறிய நீல கெப்பாசிட்டர்களை வெட்டிவிடச் சொல்கிறார்கள்.
– வாசகர், ராயபுரம்

பதில்: வெட்ட வேண்டாம். ஒய் கெப்பாசிட்டர் எனப்படும் அவை பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டு, மின்னிரைச்சலை எர்த்துக்கு அனுப்புகின்றன. எர்த் இல்லாத வீட்டில் உலோக உடல் இரண்டுக்கும் இடைப்பட்ட சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். இவ்வழியில் வரும் மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும், கை அதை உணரும். ஆனால் உங்கள் வீட்டில் சுர்ரென்பதற்கு இதுதான் காரணம் என்று சோதிக்காமல் சொல்லிவிட முடியாது. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் வடிந்ததை உறுதி செய்துகொண்டு, பேஸ் ஊசிக்கும் உலோக உடலுக்கும் இடையே மல்டிமீட்டரின் ஓம் அளவில் பாருங்கள். நியூட்ரல் ஊசிக்கும் அவ்வாறே. சில ஓம்களோ கிலோ ஓம்களோ காட்டினால், உள்ளே உறை கிழிந்த வயரோ டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே விடுபட்ட, மின்சாரம் கடத்தாத மைக்கா தாளோ இருக்கக்கூடும். அதைச் சரிசெய்யும்வரை பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது.

மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் குறை உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பகுதிகளின் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருந்தும் மேல் ஓட்டைக்கு வயரே வராமல் இருப்பதுண்டு. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு முறையான எர்த் போட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரலையே எர்த்தாக முடிந்துவிடுவதை மட்டும் ஒருபோதும் ஏற்காதீர்கள். எங்கேனும் நியூட்ரல் வயர் அறுந்தால் கேபினட் முழுவதும் 230 வோல்ட் பாயும்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய பெட்டிகள் சில என்னிடம் உள்ளன. காயவைத்து ஓட்டலாமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: கூடாது. சேறும் உப்பும் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளுக்கு இடையே புகுந்திருக்கும்; அதை வெளியிலிருந்து கழுவி எடுக்க இயலாது. உங்கள் பகுதியில் அந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்தது. 230 வோல்ட் பக்கத்தையும் நாம் தொடும் பக்கத்தையும் பிரித்து நிற்பது அந்த டிரான்ஸ்ஃபார்மரின் உறைதான் என்பதால், இதில் சலுகைக்கு இடமில்லை.

கேள்வி: மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். நன்கொடையாக வந்த பழைய கம்ப்யூட்டர்களுக்கு என் தம்பி எஸ்.எம்.பி.எஸ். சரிசெய்து தருகிறான். பிள்ளைகள் தொடும் பொருள் என்பதால் கேட்கிறேன்: எந்தச் சோதனைகளை முடித்த பிறகு அவற்றைப் பொருத்தலாம்?
– ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: மிகவும் தேவையான கேள்வி, அம்மா. பழுது நீக்கிய பெட்டியை நேரடியாகப் பிளக்கில் செருகாமல், முதலில் 100 வாட் குண்டு பல்பு கோர்த்த சீரிஸ் போர்டின் வழியாக மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கினால் பெரிய ஷார்ட் இல்லை என்று பொருள். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அடங்கிய பின் ஊதா வயரில் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். அது சரியாக இருந்தால் மட்டுமே சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு, பச்சை வயரைக் கறுப்புடன் இணைத்துப் பெட்டியை ஓட்டலாம்.

அடுத்தது லோடு சோதனை, அதாவது பெட்டியை மின்சாரம் இழுக்கும் சுமையுடன் ஓட்டிப் பார்ப்பது. மஞ்சள் வயரில் கார் முகப்பு விளக்கின் 12 வோல்ட் 55 வாட் பல்பு ஒன்றைப் பொருத்தினால் நாலரை ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த இழை தொடக்கத்தில் அதைவிடப் பல மடங்கு இழுப்பதால் நல்ல பெட்டியும் பாதுகாப்புக்காக நின்றுவிடக்கூடும். 21 வாட் இண்டிகேட்டர் பல்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் இந்தக் குழப்பம் வராது. 5 வோல்ட் தரும் சிவப்பு வயரிலும் லோடு தேவை. 1 ஓம், 50 வாட் உலோக உறை ரெசிஸ்டர் 5 ஆம்பியர் இழுக்கும், நன்றாகச் சுடும் என்பதால் அதைத் தகரத் தகட்டில் முடுக்கி வைக்க வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சேர்ந்தே கட்டுப்படுத்தப்படுகின்றன. 12-இல் மட்டும் லோடு கொடுத்தால் 12 தாழ்ந்து 5 ஏறும், அதைப் பழுது என்று தவறாக எண்ண நேரும்.

இரண்டிலும் லோடு இருக்கும்போது மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரை இருக்க வேண்டும். மின்சாரம் சரியாக உள்ளது என்று மதர்போர்டுக்குத் தெரிவிக்கும் சாம்பல் வயரில் 5 வோல்ட் அளவுக்கு வர வேண்டும். மூடியை மூடி ஒரு மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். குளிர்ந்தபோது சரியாக இருந்து சூடேறியதும் சரியும் பெட்டிகள் இங்குதான் சிக்கும். மின்னழுத்தத்தின் மேல் ஏறி நிற்கும் ரிப்பிள் எனும் அலைவு, 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டையும், 5 மற்றும் 3.3 வோல்ட்டுகளில் 50 மில்லிவோல்ட்டையும் தாண்டக் கூடாது. இதைச் சாதாரண மல்டிமீட்டரால் நம்பும்படி அளக்க முடியாது. தம்பி படித்த கல்லூரியின் ஆய்வகத்திலோ தெரிந்த சர்வீஸ் கடையிலோ ஆசிலோஸ்கோப் இருந்தால் ஒருமுறை பார்த்துவிடலாம்.

ராயபுரம் வாசகருக்குச் சொன்ன எர்த் சோதனை உங்கள் வகுப்பறைக்கு இன்னும் முக்கியம். எர்த்தோடு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் மெயின் பலகையில் பொருத்திவிட்டு, அதன் பின் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

கேள்வி: கழித்த பெட்டிகளை என்ன செய்வது? காயலான் கடைக்கே திருப்பிப் போட்டுவிடலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அங்கே போட்டால் செம்புக்காக வயர்களை எரிக்கும் கைகளுக்கு அவை போகலாம், பி.வி.சி. உறை எரியும் புகை, எரிப்பவரையும் அந்தத் தெருவையும் சேர்த்துக் கெடுக்கும். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்னும் மத்திய அரசின் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் பெட்டியைப் பிரிக்காமல் ஒப்படைப்பதே முறை. புதுப்பித்தவற்றை விற்பதையே தொழிலாக்க எண்ணினால் உங்களுக்கும் அந்தப் பதிவு தேவைப்படும்.

கொடுப்பதற்கு முன், அபாயமான பழுது என்று நீங்கள் கழித்த பெட்டியின் மதர்போர்டு கனெக்டரை வெட்டி எடுத்துவிட்டு, மேலே "பழுது" என்று சிவப்பு பெயின்டில் எழுதிவிடுங்கள். துடைத்து மினுக்கிய அதே பெட்டியை நடைபாதைக் கடையில் இன்னொருவர் நல்லது என்று நம்பி வாங்கிப் போகாமல் அது தடுக்கும்.