முதல் மிதியில் பிடிக்காத பிரேக்

கேள்வி: எங்கள் காருக்கு 13 வயது. சிஓஇயை (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) இன்னும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறோம். போன வாரம் பட்டறையில் பின்சக்கர டிஸ்க்கும் பேடும் மாற்றி, புது பிரேக் ஆயிலும் ஊற்றினார்கள். அன்றிலிருந்து முதல் மிதியில் பிரேக் பாதிக்கு மேல் இறங்குகிறது; இரண்டாவது மிதியில் நன்றாகப் பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக்கையும் ரொம்ப மேலே இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு முறை ஏர் எடுத்தும் (பிரேக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றியும்) அப்படியேதான். ஓட்டலாமா?
– ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. பள்ளிக்கூடம் வரைக்கும்தானே என்றுகூட எடுக்காதீர்கள். டோ வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கே திருப்பி அனுப்புங்கள்.

சின் மிங்கில் 20 ஆண்டுக்கு மேல் பிரேக் வேலை பார்த்தவன் நான். பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் குழாய்க்குள்ளே காற்று. கீழே வரை இறங்கி அப்புறம் கெட்டியானால், பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி அதிகம். உங்கள் ஹேண்ட்பிரேக்கும் உயரமாக வருவதால் என் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான்.

பல கார்களில் ஹேண்ட்பிரேக், பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பின்சக்கரக் கேலிப்பருக்குள்ளேயே இருக்கும். அதன் பிஸ்டன் திருகு போல வேலை செய்வது. புது பேட் போடும்போது அதைக் கருவி கொண்டு சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு நெரித்தால் உள்ளிருக்கும் அமைப்பு கெட்டுவிடும். பிறகு ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தி, கேபிள் இழுக்கும் கேலிப்பரின் கை தன் இடத்தில் போய் உட்கார்ந்ததா என்று பார்த்து, பிஸ்டன் டிஸ்க்கை நெருங்கும்வரை மிதியை மெதுவாக மிதிக்க வேண்டும். கேபிளை இறுக்குவது கடைசியில்தான். அதை முதலில் இறுக்கிவிட்டால் பிஸ்டன் தானாக முன்னே வராது. எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பயனில்லை.

கேலிப்பரையும் கழற்றினார்களா என்று கேளுங்கள். ஆரம்ப காலத்தில் இடது கேலிப்பரை வலப்பக்கம் மாட்டிவிட்டு அரை நாள் ஏர் எடுத்திருக்கிறேன். காற்றை வெளியே விடும் நிப்பிள் அடியில் இருந்தது. காற்று மேலேதானே நிற்கும்? அன்று வண்டிக்காரர் காத்திருந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொன்று. ஏர் எடுக்கும்போது பழைய காரின் மிதியைத் தரைவரை அழுத்தக் கூடாது. மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்பின் ரப்பர் சீல், வழக்கமாகப் போகாத அழுக்கேறிய பகுதிக்குப் போய்க் கிழியும். மிதிக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்தால் போதும். என்ஜின் ஓடும்போது மிதியை ஒரே அழுத்தத்தில் பிடித்திருங்கள். தானாக மெல்லக் கீழே போனால் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பெரும்பாலும் இடது பின்சக்கரம்தான் பம்புக்கு மிகத் தொலைவு, அதனால் ஏர் எடுப்பதை அங்கிருந்து தொடங்குவார்கள். கார் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதன்படிதான் செய்ய வேண்டும். பிரேக் ஆயில், சீல் பிரிக்காத டப்பாவில் இருந்து வர வேண்டும். டாட் 4 என்ற தர வகை ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் இழுத்தபின் 155 வரை இறங்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

கார் எந்த மாடல் என்று எழுதுங்கள். ஹேண்ட்பிரேக் டிஸ்க்குக்குள் தனி ஷூவாக இருக்கும் வகையென்றால் சரிசெய்யும் முறையே வேறு.