கேம்பர்வேனில் ஏசி: பேட்டரி தாங்குமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஆஸ்திரேலியாவில் கேம்பர்வேன் (தங்கும் வசதியுள்ள வேன்) வாடகைக்கு எடுக்கிறோம். கூரையில் ஏசி, 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரம்போல மாற்றும் இன்வெர்ட்டர் எல்லாம் உண்டாம். இரவு முழுக்க ஏசி ஓடுமா?
- வாசகர், யீஷூன்

பதில்: ஓடாது. ஒரு மணி நேரம் தாண்டினாலே பெரிது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1280 வாட்-மணி. கூரை ஏசி ஓடும்போது சுமார் 1200 வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 1300க்கு மேல். அதாவது பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கும் அதிகம். பல பேட்டரிகளின் பாதுகாப்புச் சுற்று 100 ஆம்பியரிலேயே துண்டித்துவிடும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். சிறிய இன்வெர்ட்டர் அங்கேயே படுத்துவிடும். அந்த உதைப்பைக் குறைக்க 'சாஃப்ட் ஸ்டார்ட்டர்' என்ற கருவி உண்டு, ஆனால் பேட்டரி தீரும் நேரம் மாறாது.

எனவே ஏசி வேண்டிய இரவுகளில் மின் இணைப்புள்ள கேரவன் பூங்காவில் இடம் பிடியுங்கள். அங்கே 15 ஆம்பியர் பிளக். எர்த் முள் வழக்கத்தைவிட அகலம். சாதாரணச் சாக்கெட்டில் நுழையவில்லையென்று அதை அரம் போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். நீட்டிப்பு வயரும் 15 ஆம்பியருக்கானதாக இருக்கட்டும். சுருளை முழுவதும் பிரித்துவிடுங்கள், சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும்.

15 ஆம்பியர் என்றால் சுமார் 3450 வாட். ஏசியோடு 2200 வாட் கெட்டிலையும் போட்டால் எல்லையைத் தொட்டுவிடும். கூடவே டோஸ்டரும் போட்டால் பிரேக்கர் விழும். தேநீர் கொதிக்கும்வரை ஏசியை நிறுத்துங்கள்.