குடகுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவை

ஆயுத பூஜை லீவு நெருங்கினால் குடகைப் பற்றி என்னிடம் கேட்பது நம் பெங்களூர்த் தமிழ் வட்டத்தில் வழக்கமாகிவிட்டது. வருடம் இரண்டு தடவையாவது போய்வருகிறவன் என்பதால் வந்த பட்டம். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே. கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் இருக்கும் ஏரியா.

ஒயிட்ஃபீல்ட்: அண்ணா, ரெண்டே நாள். தங்கக் கோயில், துபாரே, அப்பி அருவி, மண்டல்பட்டி, தலைக்காவிரி எல்லாம் முடிச்சிடலாமா?

முடிக்கலாம், காரை விட்டு இறங்காமல். மடிக்கேரிக்கே சுமார் 260 கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் முதலில் துபாரே யானை முகாம். யானைகளைக் குளிப்பாட்டுவது காலையில்தான், பகலில் போனால் வெறும் ஆறுதான். படகில் கடக்க வேண்டும், தண்ணீர் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். தங்கக் கோயில் என்கிற திபெத்திய புத்த மடமும் அந்தப் பக்கம்தான், குஷால்நகருக்குச் சற்று முன்னால் பைலகுப்பேயில். மறுநாள் ஏதாவது ஒரே திசை: மலைக்காட்சிக்கு மண்டல்பட்டி அல்லது தலைக்காவிரி. அப்பியை நின்று பார்க்கலாம், குளிக்க நினைக்காதீர்கள். இன்னொன்று, விஜயதசமி ராத்திரி மடிக்கேரியில் பத்து மண்டபங்கள், அதாவது பத்துக் கோயில்களின் அலங்கார வண்டிகள், விடிய விடிய ஊர்வலம் வரும். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் அந்தத் தேதியை விட்டுவிடுங்கள், ரூம் கிடைக்காது.

ஜீவன்பீமா நகர்: ஐப்பசி ஒண்ணாம் தேதி அம்மாவைத் தலைக்காவிரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அவங்களுக்கு முட்டி வலி.

அன்றைக்கு வேண்டாம். துலா சங்கிராந்தி அன்று குண்டிகையில் (காவிரி பிறக்கும் சின்னத் தொட்டி) தீர்த்தம் பொங்கும் நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பார்கள். சில வருடம் அது நள்ளிரவாகக்கூட இருக்கும். குடகர்களுக்குக் காவிரி குலதெய்வம் மாதிரி, குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துப் போவார்கள். அந்த நெரிசலில் வயதானவர்கள் நிற்க முடியாது. மாயவரத்தில் துலா ஸ்நானம் மாதம் முழுக்க இல்லையா? அதுபோல ஐப்பசியில் ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். முதலில் பாகமண்டலா. காவிரி, கன்னிகே, கண்ணுக்குத் தெரியாத சுஜ்யோதி மூன்றும் கூடும் இடம். அங்கிருந்து மேலே 8 கிலோமீட்டர். கோயிலுக்குப் படி ஏற வேண்டியிருக்கும், மெதுவாக ஏறட்டும். அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்: ஸ்ரீரங்கத்துக் காவிரியைப் பார்த்த கண்ணுக்கு அங்கே இருப்பது ஒரு சின்னத் தொட்டிதான். என் அம்மா "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் நகரவே இல்லை.

கே.ஆர்.புரம்: பைக்ல எக்ஸ்பிரஸ்வே வழியா போலாமா?

கூடாது. 2023 ஆகஸ்ட் முதல் மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்குத் தடை. சர்வீஸ் ரோடுதான்.

கோரமங்களா: தடியண்டமோள் ஏறணும். அட்டைக்கு என்ன செய்வது?

1,748 மீட்டர், குடகின் உச்சி அதுதான். கக்கபே பக்கம் நாலுநாடு அரண்மனையிலிருந்து ஏறுவார்கள். வனத்துறையின் ஆன்லைன் முன்பதிவை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஈரம் காயும்வரை அட்டை இருக்கும். முழங்கால் வரை சாக்ஸ், அதற்குள் பேண்ட். கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் நெம்பித் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் வழியும். பயப்பட ஒன்றுமில்லை. நவம்பர் கடைசியில் போனால் இந்தக் கவலையே பெரும்பாலும் இருக்காது, என் ஓட்டு அதற்குத்தான்.

அல்சூர்: சாப்பாடு?

பந்திக் கறி பன்றி இறைச்சி, கச்சம்புளி என்கிற குடகுப் புளிச்சாறு ஊற்றிக் கறுப்பாக இருக்கும். கூடவே கடம்புட்டு, அரிசிக் குருணையில் பிடித்த உருண்டை. புரட்டாசி விரதக்காரர்களுக்கு நூல்புட்டு இருக்கிறது, நம் இடியாப்பமேதான்.

யஷ்வந்த்பூர்: கார் இல்லை சார். ரயில் உண்டா?

குடகில் ரயில் பாதையே கிடையாது. மைசூர் ரோடு சேட்டிலைட் பஸ் ஸ்டாண்டிலிருந்து கேஎஸ்ஆர்டிசி பஸ் பிடியுங்கள். ராத்திரி பஸ் என்றால் ஸ்வெட்டரைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் போட்ட பெட்டிக்குள் வேண்டாம்.