தங்கவயலில் முதலில் காக்க வேண்டியது

அன்புள்ள ஐயா,

நான் உவர்மலையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது மெல்பேர்னில் இருக்கிறேன். அண்மையில் பிள்ளைகளைப் பலராட் நகரின் சொவரின் ஹில்லுக்குக் கூட்டிப்போனேன். பழைய தங்கச் சுரங்க ஊரைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஓடையில் இறங்கித் தங்கம் அரிக்கவும் விடுகிறார்கள். இம்முறை ஊருக்கு வரும் வழியில் பெங்களூரில் இறங்கி, கோலார் தங்கவயலையும் பார்த்தேன். பூட்டிய சுரங்கங்கள், துருப்பிடித்த கோபுரங்கள், இடிந்த பங்களாக்கள். சயனைடு மேட்டில் ஏறி, சூரியன் சாயும் நேரத்தில் அழகான படங்கள் எடுத்தேன். மரிகுப்பத்தில் ஒரு தேநீர்க்கடையில் பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார், மனம் கனத்துவிட்டது. தமிழர் தோண்டிக் கொடுத்த தங்கம் அல்லவா? அந்த இடத்தையும் சொவரின் ஹில் போல மரபுப் பூங்காவாக்கி, ஆண்டுதோறும் விழா எடுத்து, தொழிலாளிக்கு ஒரு சிலை வைத்தால் என்ன? நம் திருகோணமலையில் இப்படிச் செய்யத்தக்கது ஏதும் உண்டா?

உவர்மலை வாசகர்

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் வந்த வாரத்தில் நம் திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி ஒரு கட்டுரை தொடங்கி, மேலே போக முடியாமல் நிறுத்தி வைத்திருந்தேன். நான் எங்கே நின்றேனோ அங்கேயே உமது கடிதமும் வந்து நின்றது. அதனால் எழுதுகிறேன்.

சொவரின் ஹில் நல்ல இடம்தான், பிள்ளைகள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் 1851இல் தங்கம் கண்ட செய்தி கேட்டுப் பலராட்டுக்கு ஓடியவர்கள் தம் பெயரில் அனுமதிச் சீட்டு எடுத்து, தமக்கென்று அளந்த துண்டு நிலத்தில் தோண்டியவர்கள். அந்தச் சீட்டின் கட்டணத்தையும் அதைக் கேட்டு வந்த பொலிசாரின் கெடுபிடியையும் எதிர்த்து 1854இல் யுரேகாவில் ஆயுதம் எடுத்தவர்கள். தங்கவயலில் ஒருவரும் தனக்காகத் தோண்டவில்லை. 1880இல் இங்கிலாந்தின் ஜோன் டெய்லர் கம்பனி அங்கே வந்த பிறகு நடந்தது கூலி வேலை. மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பாறையை உடைத்து, மேலே ஏற்றி, தூளாக அரைத்து, சயனைடுக் கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தார்கள். ஓடையும் அரிதட்டும் அந்தத் தொழிலாளிகளின் கதை அல்ல. அங்கே கொண்டுபோய் வைத்தால் அது பொய்யாகிவிடும். விழாவையும் சிலையையும் பற்றிப் பேச எனக்கு இப்போது மனமில்லை.

ஒரு வரிக்காக உம்மைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 'தமிழர் தோண்டிக் கொடுத்த தங்கம்' என்று நெஞ்சு நிமிர்த்தி எழுதியிருக்கிறீர். எந்தத் தமிழர்? வட ஆற்காட்டிலும் சேலத்திலும் காணி நிலம் இல்லாமல், ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாமல் சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களே பெரும்பாலும் அந்தக் குழிகளில் இறங்கினார்கள். அவர்களைத் துரத்திய ஊரும் தமிழ் பேசிய ஊர்தான். தங்கவயலில் அவர்கள் கூலியோடு நிற்கவில்லை. சாதிக் கொடுமையை எதிர்த்த அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மரிகுப்பத்தில் ஆழமாக வேரூன்றியது. பள்ளியும் சங்கமும் பத்திரிகையும் அவர்கள் கையால் நடந்தன. அந்தப் பெருமை அவர்களுடையது. நீரும் நானும் அதில் பங்கு கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

அந்த மேட்டுப் படங்களையும் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நீர் ஏறி நின்றது தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய பாறைத் தூள். மூன்று கோடி டன்னுக்கும் மேல் அங்கே குவிந்து கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அது கீழே உள்ள வீடுகளுக்குள் பறக்கிறது, சோற்றுத் தட்டில் விழுகிறது, குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகிறது. 13 மேடுகளில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை மறுபடி எடுப்பதற்கான திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இணங்கியது. அது நல்லதா கெட்டதா என்பது பெரிய விவாதம், இங்கே வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு சுரங்க ஊரைக் காப்பது என்றால் எல்லோருக்கும் இரும்புக் கோபுரமும் பங்களாவும் மன்றமும்தான் கண்ணில் படுகின்றன. அவற்றுக்கு ஆட்கள் கிடைப்பார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்த கதையைப் பொறியியலாளர்கள் மறக்க விட மாட்டார்கள். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைக் கண்டறிந்த கதையை விஞ்ஞானிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். வரவுப் பதிவேட்டைக் காக்க யார் வருவார்கள்? விபத்துப் பதிவேட்டை? பாறை திடீரென வெடித்துச் சிதறிய நாளில் எந்த ஆழத்தில் எந்த ஷிப்டில் யார் நின்றார் என்று எழுதிய தாளை? தூசி படிந்து கல்லாய்ப்போன நுரையீரலின் எக்ஸ்ரேயை? தொழிலாளி இருந்தான் என்பதற்கு அவைதான் சாட்சி. அவை கறையானுக்கும் மழைக்கும் போன பிறகு நீர் எத்தனை பூங்கா கட்டினாலும் அது துரைமார் வாழ்ந்த இடத்தின் நினைவாகவே இருக்கும்.

அந்தப் பதிவேடுகள் தொழிலாளியை மடக்கிப் பிடிக்க உண்டானவை என்பது எனக்குத் தெரியும். 1930இல் கம்பனி கைரேகை வாங்கிப் பதிவு செய்ய வந்தபோது தங்கவயல் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு மூன்று வாரம் உட்கார்ந்தது. விரலை நீட்ட மறுத்தவர்கள் அவர்கள். அதே வகைத் தாளை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. 2001 பெப்ரவரியில் சுரங்கங்களை மூடியபோது எத்தனை ஆண்டு உழைத்தோம், எவ்வளவு பாக்கி என்று காட்ட வேண்டிய பாரம் உழைத்தவன் தலையில்தான் விழுந்தது.

இந்தப் பாரத்தை எங்கள் வீடும் சுமந்தது. என் தகப்பனார் இந்தத் திருகோணமலையில் ஒரு வேலைத்தளத்தில் இரும்புத் தகடு பொருத்தித் தறையும் வேலை பார்த்தவர். காது இரண்டும் அங்கேயே போய்விட்டன. முதுமையில் தனக்குரிய பணத்தைக் கேட்டுப் போனபோது, நீர் இங்கே வேலை செய்ததற்கு ஆதாரம் என்ன என்று ஒரு கந்தோரில் கேட்டார்கள். இடம் மாறியபோது பழைய பதிவேடுகளைக் கழிவுக் கடதாசியோடு போட்டுவிட்டார்களாம். அப்பாவுக்கு அந்தக் கேள்வியே காதில் விழவில்லை. நான் அவர் காதருகே குனிந்து உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று அவர் முகம் போன போக்கை நான் யாருக்கும் விவரித்ததில்லை.

கடைசியில் அவரோடு வேலை செய்த இருவரைத் தேடிப் பிடித்தோம். ஒருவர் மூதூரிலிருந்து வந்தார், மற்றவர் எங்கள் தெருக்காரர். இவர் இடதுகைக்காரர், அதனால் தகட்டின் மற்றப் பக்கத்தில்தான் நிற்பார், எனக்கு நேரெதிரே நின்றார் என்று மூதூர்க்காரர் சொன்னார். இலிகிதர் பேனாவை எடுத்து அதை எழுதினார். பணம் வந்தது. முழுவதும் வரவில்லை.

சீனக்குடாவுக்கு வருகிறேன். 1930களில் பிரித்தானியர் கட்டிய அந்த எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி நாடு முழுவதும் பேசுகிறது. 2022 உடன்படிக்கையில் 14 தாங்கிகள் ஓர் இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு, 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 தாங்கிகள் இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்தார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானம் விழுந்து எரித்த தாங்கியைக் காட்டுபவர்கள் அந்த விமானத்தில் வந்த மூவரின் பெயரையும் சொல்கிறார்கள். காட்டை வெட்டி, தகட்டைச் சுமந்து, அந்தத் தாங்கியைக் கட்டியவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்லக் கேட்டிருக்கிறீரா? என் கட்டுரை அங்கேதான் நின்றுபோனது. அவர்களைக் கேட்டறியும் காலம் கடந்துவிட்டது. புல்மோட்டைக் கனிய மணலில் வேலை செய்தவர்களைக் கேட்கும் காலம் இன்னும் கடக்கவில்லை. அந்தக் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் தொடங்கியது, மூத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். இங்கே செய்யத்தக்கது என்ன என்று கேட்டீர் அல்லவா, அதுதான்.

அதனால்தான் உம்மீது கோபம் வருகிறது, தம்பி. ஒருவர் ஒரு மணி நேரம் உம்மிடம் பேசியிருக்கிறார். துருப்பிடித்த கோபுரத்தைச் சொன்னீர், பங்களாவைச் சொன்னீர். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் உமது கடிதத்தில் இல்லை. உமது மனம் கனத்தது மட்டும் இருக்கிறது. சுரங்கம் மூடிய அன்று முப்பது வயதாக இருந்தவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. நெஞ்சில் தூசியோடு இருப்பவர்களுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று நீர் நினைக்கிறீர்?

மெல்பேர்ன் திரும்புவதற்குப் பெங்களூர் வழியாகத்தான் போவீர் என்று எண்ணுகிறேன். ஒரு நாள் ஒதுக்கும். பெங்களூரிலிருந்து மரிகுப்பத்துக்கு ரயில் இருக்கிறது, விடிய முன்னே வேலைக்குப் புறப்பட்டு இரவில் திரும்பும் தங்கவயல் பிள்ளைகளின் ரயில் அது. அந்தத் தேநீர்க்கடைக்குப் போய் அவரைத் தேடும். எந்தச் சுரங்கத்தில் இறங்கினார், எத்தனையாவது வயதில், முதல் நாள் அவரைக் கூட்டிப்போனது யார் என்று கேளும். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களின் பெயர்களைக் கேளும், ஒவ்வொன்றாக, அவர் நினைத்துச் சொல்லும் வரை காத்திரும். திரும்பி வராதவர்களின் பெயர்களையும் கேளும். வீட்டில் பழைய சம்பளச் சீட்டோ மருத்துவச் சீட்டோ இருந்தால், அனுமதி கேட்டு இரு பக்கமும் படமெடும். அவர் சொல்லும் சொல்லைத் திருத்தாமல் எழுதும். எழுதியதை அவருக்கே முதலில் வாசித்துக் காட்டும். அவர் சம்மதித்தால் எனக்கு அனுப்பும், இங்கே வெளியிடுகிறேன். சம்மதிக்காவிட்டால் ஒரு பிரதியை அவர் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போம்.