சாயத் தொட்டிக்குத் திரும்பும் உப்பு

கேள்வி: அரசின் சுற்றுச்சூழல் கட்டுப்பாடுகள் ஆலைகளின் உற்பத்தித்திறனைக் குறைத்துவிடாதா? (வாசகர், கரூர்)

பதில்: தொடக்கத்தில் குறைக்கும், திருப்பூர் அதை அனுபவித்தே அறிந்தது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பின்னலாடைத் தொழிலே தடுமாறியது. வேலையிழந்தோரின் துயரம் சிறிதன்று. பின்னர் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவிக்க, பல ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துத் தூய்மையாக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உப்புக்கரைசலை மீட்கும் நுட்பம் வளர்ந்தது. துணியில் சாயம் பற்றுவதற்காகச் சேர்க்கும் உப்பு முன்பு ஆற்றோடு போனது. இப்போது தெளிந்த கரைசலாகத் திரும்பி, மீண்டும் தொட்டியில் சேர்கிறது. இதனால் உப்பு, நீர் ஆகியவற்றை வாங்கும் செலவு குறைகிறது. ஆனால், எஞ்சும் கழிவை ஆவியாக்க எரிபொருளும் மின்சாரமும் மிகுதியாகத் தேவைப்படுவதால், விதியோடு நீண்டகாலக் கடனும் ஆராய்ச்சி நிதியும் கிடைத்தாலொழிய சிறு ஆலைகள் தாங்கமாட்டா.